குளத்தங்கரை வழி

ஜூன் சாரலுக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் அடைத்துப் போட்டிருந்த அந்த மாடி ஆபீசுக்குள், பொழுது சாயும் நேரத்தில், நனைந்த காகித வாடைக்கும் ஆறிப்போன சாம்பார் வாடைக்கும் நடுவே மூக்கைச் சுரண்டுகிற அம்மோனியா நெடி ஒன்று மெல்ல ஏறி வந்தது. கீழே டேங்கர் எதுவும் நிற்கவில்லை. பெபிஷா எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாள்.

ரப்பர் பால் கெடாமலிருக்க அம்மோனியா வேண்டும். தூத்துக்குடியிலிருந்து குலசேகரம் பக்கத்து ஆலைகளுக்கு அதை ஏற்றிவரும் டேங்கர்கள் எந்த வழியாகப் போகவேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. டீசலும் மிச்சமாகவேண்டும், கசிந்தால் சாகிற ஆளும் குறைவாக இருக்கவேண்டும். இரண்டுக்கும் பொருந்தி வந்தது, தோவாளை தாண்டிப் பிரிகிற குளத்தங்கரை ரோடு. வீடு கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. முத்துக்கனி மாமியின் டீக்கடை மட்டும்தான். வண்டி கரையேறுமுன் மாமிக்குப் போன் போட்டு ரோடு எப்படி என்று கேட்டுக்கொள்வது பெபிஷாவின் வழக்கம்.

மாசி அறுப்பிலும் கேட்டாள். “வைக்கோல் விரிச்சுக் கெடக்கு மக்கா, கரை விளிம்பு தெரியல. இன்னைக்கு வேண்டாம்” என்றாள் மாமி. நாஞ்சில் நாட்டில் ரோட்டில் வைக்கோல் விரிப்பதே வண்டி ஏறி மிதித்து மிச்ச நெல் உதிரட்டும் என்றுதானே? இவளும் சிரித்துக்கொண்டு, “வண்டி ஏறினா ஊருக்குத்தானே மாமி லாபம்” என்று சொல்லி டேங்கரை அனுப்பிவிட்டாள். வைக்கோலுக்கடியில் விளிம்பு தெரியாமல் சக்கரம் சறுக்கி, டேங்கர் கவிழ்ந்து அம்மோனியா கசிந்தது. டிரைவர் குதித்துத் தப்பினார். கடைக்குள் இருந்த மாமி தப்பவில்லை. பெபிஷாவின் கணக்குப்படியே செத்தது ஒரே ஒரு ஆள். அந்தக் கணக்கு சரியாக வந்ததை நினைத்தால் அவளுக்கு இப்போதும் சோறு இறங்காது.

அதற்குப் பிறகு முதலாளி எவ்வளவு முணுமுணுத்தாலும் ஒரு வண்டியையும் அவள் அந்தப் பக்கம் விடவில்லை. எல்லாம் நாலுவழிச் சாலையில்தான். இன்றைக்கு வருகிற வண்டியை ஓட்டுவது அவள் தம்பி சுபின்.

செல்போன் அடித்தது. முத்துக்கனி மாமி. அழிக்க மனசு வராமல் விட்டுவைத்த பெயர். மாமியின் பிள்ளைகள் யாராவது அந்த நம்பரை வைத்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எடுத்தாள். பாய்லர் கொதிக்கிற இரைச்சல், சரசரவென்று எதையோ விரிக்கிற சத்தம், அதற்கும் பின்னால் தொண்டை வெந்துபோன ஓர் இருமல்.

“வைக்கோல் விரிச்சாச்சு மக்கா. வண்டிய வரச் சொல்லு.”

“மாமி... என்ன மன்னிச்சிருங்க மாமி.”

“ஒனக்க மேல கோவம் ஒண்ணும் இல்ல பிள்ளே. இந்த வழி நீ ஒரு வண்டியும் அனுப்பமாட்டேங்க. கடைக்கு ஒருத்தரும் வாறதில்ல. ஒத்தைக்கு எத்தன நாள் இருக்க?”

பெபிஷாவுக்கு முதலில் அழுகைதான் வந்தது, பயம் அப்புறம்தான் வந்தது. கம்ப்யூட்டர் திரையில் சுபினின் வண்டியைக் காட்டுகிற சிவப்புப் புள்ளி நாலுவழிச் சாலையை விட்டு இறங்கியிருந்தது. ஆபீஸ் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

“லேய், எங்கலே போற?”

“நீதானே அக்கா இப்பம் விளிச்சு, குளத்தங்கரை வழி வரச் சொன்ன?”

“நான் விளிக்கல்ல மக்கா! திருப்புலே!”

“திருப்ப எடமில்ல. ரோடு பூரா வைக்கோல். ஒரு மாமி நின்னு கை காட்டுதாவ.”

இது ஆனி மாதம். வயலெல்லாம் பச்சை. வைக்கோல் ஏது?

“நிப்பாட்டு! எறங்கி ஓடுலே!”

சரசர. டயருக்கடியில் வைக்கோல். இரண்டு போனிலும் அதே சத்தம். நெடி கண்ணைக் கரித்தது. மூச்சு முட்டியது. சுபின். சுபின். பதில் இல்லை.

புள்ளி கரையை விட்டு விலகியது. குளத்தின் நீலத்துக்குள் இறங்கியது. நடுவில் போய் நின்றது.

எல்லாம் அடங்கியது. பிறகு, டீ ஆற்றுகிற சத்தம்.

“அக்கா.” சுபின்தான். அவசரமே இல்லாத குரல். லேசாக இருமினான். “மாமி டீ போட்டாச்சு. நீயும் வாறியா?”

மேசையில், இரண்டு போனுக்கும் நடுவில், ஆவி பறக்க ஒரு கண்ணாடித் தம்ளர் டீ இருந்தது. டீயின் மேல் படிந்த பாலாடையில் ஒரு வைக்கோல் துணுக்கு ஒட்டியிருந்தது.