இனாயத் பாதியில் விட்ட மோட்டார்

அடையாற்றங்கரையில் வால்டர் சாரின் பங்களாவுக்கு அய்யாதுரை போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. சைக்கிளை வேலியோரம் சாத்தினான். ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆற்றைப் பார்த்து நின்ற படகுக் கொட்டகைக்குள் நுழைந்தான். உள்ளே ஈரச் சுவரின் வாடை. சேற்று வாடை. அவற்றுக்கும் அடியில், மெல்லிசாக, லவங்க வாடை.

மேசையில் விரித்த பழைய செய்தித்தாள்மேல் ஒரு படகு மோட்டார் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. படகின் பின்பலகையில் மாட்டி, தலையிலுள்ள சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்புகிற மோட்டார். யுத்தகாலம் முழுக்கப் பெட்ரோல் இல்லாமல் தூங்கிவிட்டது. யுத்தம் முடிந்ததும் அதை எழுப்ப வந்தவன் இனாயத். பாதி வேலையில் காய்ச்சல் கண்டு, அவனே போய்ச் சேர்ந்துவிட்டான்.

"இனாயத் கைராசி வேற யாருக்கும் வராதுப்பா," என்றார் வால்டர். துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற மனுஷர். நோகடிக்க நினைத்துப் பேச மாட்டார், ஆனாலும் நோகும். "ஏதோ, உன்னால முடிஞ்சதைப் பாரு."

ஏதோ!

அய்யாதுரை ஸ்பானர் பையை டங்கென்று தரையில் போட்டான். அவனும் இனாயத்தும் மவுண்ட் ரோடில் ஒரே ஒர்க்‌ஷாப்பில் தொழில் கற்றவர்கள். எந்த வண்டி நின்றாலும் முதலாளி வாயில் வந்தது ஒரே பெயர்தான்: "இனாயத்!" பிறகு அய்யாதுரை மயிலாப்பூரில் தனிக்கடை போட்டான். அங்கே வருகிறவர்களும் முதலில் இனாயத் விலாசத்தைத்தான் விசாரித்தார்கள். இனாயத்தின் மையத்து அடக்கத்துக்குப் போய் அய்யாதுரை உண்மையாகவே அழுதான். ஆனால் திரும்பும் வழியில், இனிமேல் நம்மைக் கூப்பிடுவார்கள் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள் கண்ணுகளா, அப்படி எட்டிப் பார்க்காத மனசு உண்டா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்ததும், வால்டரின் சொந்தங்களெல்லாம் படகு பார்க்க வருகிறார்கள். அன்று மோட்டார் ஓடிவிட்டால், ஊர் வாயில் ஒரு தடவையாவது அய்யாதுரை என்ற பெயர் வரும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சாயங்காலம் வரை பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வைத்தான். கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் கதவைத் திறந்தால், பாகமெல்லாம் சேர்த்து மோட்டார் முழுசாகப் பூட்டப்பட்டு நின்றது.

ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. சாவி அவன் இடுப்பில்தான் இருந்தது.

பின்னாலேயே வந்த வால்டர் எட்டிப் பார்த்தார். "பேஷ்! இவ்வளவு சீக்கிரமா? அப்படியே இனாயத் வேலை மாதிரியே இருக்கே!"

'நான் பூட்டல சார்' என்று அய்யாதுரை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாராட்டை அப்படியே விழுங்கினான். இனாயத் பெயர்தான் மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றுகொண்டது.

அவர் போனதும் மோட்டாரைத் தூக்கி, தண்ணீர் நிரப்பிய பீப்பாயின் விளிம்பில் மாட்டினான். ஆற்றில் இறக்குமுன் அப்படித்தான் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ஆனால் கயிற்றைத் தொடவில்லை. தீப்பொறி தருகிற பிளக்கை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிளக் இல்லாமல் எந்த மோட்டாரும் கிளம்பாது.

"இப்போ நீ இன்னா பண்றேன்னு பாக்குறேன்," என்று வெறும் கொட்டகையிடம் கிசுகிசுத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு மரத்தடிக்குப் போனான்.

உச்சிவேளை. ஆற்றின்மேல் காற்றே இல்லை. ஒரு காக்கைகூடக் கரையவில்லை.

சோற்றில் கை வைத்தான்.

கொட்டகைக்குள் கயிறு சரசரவென்று சுற்றப்படும் சத்தம் கேட்டது.

ஒரே ஓர் இழுப்பு.

மோட்டார் கிளம்பிவிட்டது.

அவன் மார்பில் சுரீரென்றது. சட்டைப் பைக்குள் பிளக் கொதித்துக்கொண்டிருந்தது.

அலறிக்கொண்டே அதை உதறிவிட்டு ஓடினான். கதவைத் தள்ளினால் நீலப் புகை. பீப்பாய்த் தண்ணீர் சுழன்று சுழன்று தளும்பிக்கொண்டிருந்தது. பிளக் இருக்கவேண்டிய துளை காலியாக, கண்விழி தோண்டிய குழிபோல அவனையே பார்த்தது. மோட்டார் ஒரு பிசிறில்லாமல் ஓடியது. பிறகு, யாரோ உள்ளங்கையை வைத்து அமுக்கினாற்போல் நின்றது.

லவங்க வாடை முகத்தில் வந்து அடித்தது. சொத்தைப் பல் வலிக்காக இனாயத் எந்நேரமும் வாயில் லவங்கம் அடக்கியிருப்பான்.

அய்யாதுரை ஓடியிருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"பிளக்கே இல்லாம ஓட்டிக் காட்றியா? செத்தும் பீத்திக்கிறியாடா நீ?"

பீப்பாய்த் தண்ணீர் ஒருமுறை தளும்பி அடங்கியது.

அன்று சாயங்காலமே ராயப்பேட்டையில் இனாயத்தின் வீட்டுக்குப் போனான். இனாயத்தின் மனைவி சகினா கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"ஒண்ணு கேக்கணும் தங்கச்சி. அந்த அடையாத்து மோட்டாரைப் பத்தி இனாயத்து ஏதாச்சும் சொல்லிச்சா?"



"தப்பா நெனைக்காதீங்கண்ணே. உங்க பேரை எடுத்தாலே அவருக்குச் சோறு எறங்காது. 'அய்யாதுரை தொட்டா இஞ்சின் பேசுது, நான் தொட்டா இருமுது'ன்னுவாரு. ஜுரத்துலயும் அதே பொலம்பல்தான். 'நான் போயிட்டா அவனத்தான் கூப்புடுவாங்க. அவன் கையால அது கெளம்பக் கூடாது சகினா'ன்னு."

துக்கப்பட வேண்டிய இடம் அது. அய்யாதுரைக்கோ வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. அவனா? என்னைப் பார்த்தா? இத்தனை வருஷமும் இங்கே ஒருத்தன் வெந்துகொண்டிருக்க, அங்கேயும் ஒருத்தன் வெந்திருக்கிறான்! சைக்கிளை மிதித்தபடி வாய்விட்டுச் சிரித்தான். பயமெல்லாம் எங்கோ போய்விட்டது.

அந்தப் பயம் போயிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்ததும் மோட்டாரை மறுபடி அடியோடு கழற்றினான். ஒவ்வொரு பாகத்தையும் தன் கையால் துடைத்து, தன் கையால் பூட்டினான். பீடி பிடிக்கக்கூட வெளியே போகவில்லை. பிளக்கை முறுக்கி, படகில் மாட்டி, படகை ஆற்றில் தள்ளும்வரை மோட்டாரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. படித்துறையில் பட்டுப்புடவையும் கோட்டுமாகச் சொந்தங்கள் கூடிவிட்டார்கள்.

படகின் பின்பக்கம் நின்று, சக்கரத்தில் கயிற்றைச் சுற்றினான்.

"பாத்துக்கடா இனாயத்து."

இழுத்தான். கயிறு உள்ளங்கையைத் தீயாக அறுத்தது. ஒரே இழுப்பு! மோட்டார் சீறிக் கிளம்பியது. பாலம்வரை போய், நுரை கிழித்துத் திரும்பினான். படித்துறை முழுக்கக் கைதட்டல். அந்தச் சத்தத்தைக் கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தான்! கண் கலங்கிவிட்டது பாவம்.

கரையேறியதும் வால்டர் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஜமாய்ச்சிட்டீங்கப்பா! ஒத்தை இழுப்புல கெளப்பிட்டானே உன் ஆளு! எங்கே பிடிச்சே அவனை?"

"எந்த ஆளு சார்?"

"அதான்ப்பா, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம கயிறு இழுத்தானே! நீதான் கையைக் கட்டிக்கிட்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி முன்னால உக்காந்திருந்தியே!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அய்யாதுரை உள்ளங்கையை விரித்துப் பார்த்தான்.

கயிற்றின் தடம் இல்லை. சிவக்கவில்லை. காலையிலிருந்து மோட்டாரோடு மல்லுக்கட்டிய கையில் ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லை.

மெல்லத் திரும்பினான். படகு காலியாகக் கிடந்தது. அதன் பின்பக்கம் மட்டும், ஆள் ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் தண்ணீரில் அமிழ்ந்து நின்றது.

வால்டரின் மனைவி நோரா, காலித் தம்ளரோடு படியேறி வந்தாள்.

"உங்க ஆளுக்குப் படகுலயே டீ குடுத்துட்டேன் அய்யாதுரை. முகத்தைத் திருப்பாமலே வாங்கிக் குடிச்சார். ரொம்பக் கூச்சம் போல."

அய்யாதுரை ஒரு படி பின்வாங்கினான். "இன்னாமா... இன்னா சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லலை," என்றாள் நோரா, தம்ளரில் பதிந்திருந்த கறுப்பு விரல் தடங்களை முந்தானையால் துடைத்தபடி. "அடுத்த வேலை எங்கேன்னு மட்டும் உங்களைக் கேட்டுச் சொல்லச் சொன்னார்."