பிச்சைக்கண்ணு கட்டிய கலயம்

கலயத்திலிருந்த கள் நுரைக்கவே இல்லை. சித்திரை வெயிலில் ஒரு நாள் முழுக்கப் பனையில் தொங்கிய கள் இந்நேரம் பொங்கி வழிந்திருக்க வேண்டும். அதுவோ கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்று அசையாமல் கிடந்தது. எலிசபெத்துக்கு எரிச்சல் மண்டியது. பாளையங்கோட்டையில் அவள் சமைக்கும் வெள்ளைக்காரர் பங்களாவில் ரொட்டியை உப்ப வைப்பது கள்தான். போன வாரம் ரொட்டி செங்கல்லாய்ப் போனதும், இன்னொரு முறை இப்படி ஆனால் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போ என்று துரைசாணி சொல்லிவிட்டாள். புருஷனைக் காலராவுக்கு வாரிக் கொடுத்தவள் எங்கே போவாள்?

இந்தக் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கும்போதுதான் பனையேறி பிச்சைக்கண்ணு நேற்று விழுந்து செத்தான். விழுந்தவன் கட்டிய கலயத்தை யாரும் இறக்குவதில்லை. மரத்திலேயே கல்லெறிந்து உடைத்துவிடுவார்கள். வேறு கள் கிடைக்காமல், எலிசபெத் அசலூர் ஆள் ஒருவனை ஏற்றி அதை இறக்கினாள். பிச்சைக்கண்ணுவின் பெண்டாட்டி அன்னத்தாய் ஓடி வந்து மறித்தாள்.

"எக்கா, வேண்டாம். மூச்சு நின்ன பொறவும் அவுக கண்ணு அந்தக் கலயத்துமேலதான் இருந்துச்சு. அது அவுகளுக்குள்ளது."

"நான் வேதக்காரி, ஏசுவக் கும்பிடுதவ. இந்தப் பேச்செல்லாம் எங்கிட்ட வச்சுக்கிடாதட்டி."

கள்ளோடு வெதுவெதுப்பான தண்ணீரும் சீனியும் ஒரு கை மாவும் கலந்து அடுப்போரம் வைத்தாள். ஒரு குமிழ் எழுந்தது. அப்பாடா என்றிருந்தது. மீதி மாவைக் கொட்டிப் பிசைந்து, சட்டியை ஈரத்துணியால் மூடினாள். மத்தியான வெயில் ஓடுகளைக் காய்ச்சிக்கொண்டிருக்க, புகையும் புளிப்பும் அவற்றுக்கு அடியில் காய்ந்த ரத்தம் போன்ற ஒரு வாடையும் குசினியைச் சுற்றிச் சுற்றி வந்தன. சட்டிக்குள்ளிருந்து கர் கர்ரென்று ஒரு சத்தம் கேட்டது.

தெரிந்த சத்தம்தான். உத்திரத்தில் கட்டிய தொட்டிலில் அவள் பிள்ளை லில்லி சளி கட்டிய நெஞ்சோடு தூங்கும்போது வருகிற சத்தம். ஆனால் இப்போது தொட்டிலிலிருந்து அந்தச் சத்தம் வரவில்லை.

ஓடிப்போய்த் தொட்டில் துணியை விலக்கினாள். பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சில்லை. அங்கே சட்டியின் துணி எழும்பியது, தணிந்தது, மறுபடி இன்னும் உயரமாக எழும்பியது. வெறி வந்தவளாய் ஓடி வந்து மாவில் ஓங்கிக் குத்தினாள். மாவு புஸ்ஸென்று அமுங்கியது. தொட்டிலில் லில்லி வீறிட்டாள்.

மாவு எழும்பியது. அழுகை நின்றது.

குத்தினாள். அழுகை.

எழும்பியது. குத்தினாள். எழும்பியது. முன்னைவிட வேகமாக. தோள் கழன்றது. விரல்களை மாவு பற்றி இழுத்தது. குளிர்ந்த பிடி. ஆம்பிளைப் பிடி.

"சனியனே, என் பிள்ளையவா கேக்க? ஒன்ன எரிச்சுப் போடுதேன்!"

பிய்த்து எடுத்தாள். மாவு மொத்தத்தையும் ரொட்டி அடுப்புக்குள் வீசினாள். இரும்புக் கதவை அறைந்து சாத்தினாள்.

அழுகை கேட்டது.

கர்த்தரே, பிழைத்துவிட்டாள்! தொட்டிலைப் பார்த்து ஓடினாள். பாதியில் கால் நின்றது.

அழுகை பின்னாலிருந்து வந்தது. இரும்புக் கதவுக்கு உள்ளிருந்து.

எதிரே தொட்டில் துணி மெல்ல உப்பியது. தணிந்தது. உப்பியது. இழைகளின் வழியே வெள்ளை நுரை பிதுங்கி, தரையில் சொட்டத் தொடங்கியது.