கிணற்றுக்குள் போன சாவி

பிலோமின் அம்மாள் அன்று காலை காபியைத் தொடவில்லை. இது லேசான விஷயம் இல்லை. புருஷனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றுகூட அழுதுகொண்டே இரண்டு டம்ளர் குடித்தவள் அவள். இன்று டம்ளரில் ஆடை கட்டிக்கொண்டிருக்க, கழுத்தில் செபமாலையோடு கூடத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெரிய அட்டை. அதில் இளைய மகன் அமலநாதனின் படம், கீழே பிரெஞ்சில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. என் மகனை மீட்டுத் தாருங்கள்.

"ரோசா, இன்னும் பொடவ மாத்தலையா நீ? பத்து மணிக்கு பிரெஞ்சு கொன்சுலா ஆபீசு வாசல்ல நிக்கணும். டிவிக்காரங்க வந்துடுவாங்க."

மருமகள் ரோசா அடுக்களை வாசலில் நின்றபடி, தான் வரவில்லை என்றாள். அத்தையும் போக வேண்டாம் என்றாள்.

அவ்வளவுதான். ஊஞ்சலில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த மூத்த மகன் ஆரோன் கத்தியைக் கீழே வைத்தான். பிலோமின் அம்மாள் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பத்து வயது ஆகிறது.

புதுச்சேரியில் நேஷனாலிட்டி என்று சொன்னால் எந்த நாட்டு நேஷனாலிட்டி என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆரோன் ஒரு சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீட்டில் பெண் எடுத்து, பிரெஞ்சுக்காரனாகி, பாரீசுக்குப் பக்கத்தில் வீடும் காருமாக இருக்கிறான். அமலநாதனுக்கும் அப்படி ஒரு வரன் வந்தது. அவனோ தவளக்குப்பம் பஞ்சர் கடைக்காரரின் மகள் ரோசாவைத்தான் கட்டுவேன் என்று நின்றான், கட்டினான். கட்டியவளையும் பிறந்த மகளையும் காப்பாற்ற எண்ணெய்க் கப்பலில் சமையல்காரனாகப் போனான். போன கிறிஸ்துமசுக்கு முன் மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் துப்பாக்கிக்காரர்கள் அந்தக் கப்பலில் ஏறி, அவனையும் இன்னும் சிலரையும் படகில் ஏற்றி, கரையோரத்துச் சதுப்புக் காட்டுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். இத்தனைக்கும் காரணம் ரோசாதான் என்பது பிலோமின் அம்மாளின் கணக்கு. அந்தச் சொல்தா வீட்டுப் பெண்ணைக் கட்டியிருந்தால் பிள்ளை இன்றைக்குப் பாரீசில் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருப்பான் அல்லவா?

ரோசா இதற்கெல்லாம் வாய் திறந்ததில்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. செய்தி வந்த மறுநாளே மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்து முதலமைச்சர் அலுவலகம், அங்கிருந்து டெல்லி. கடைசியில் வெளியுறவு அமைச்சகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி போன் செய்தார். பேர் கார்குழலி. நம்மூர்த் தமிழ் பேசினார். அன்றிலிருந்து வாரம் தவறாமல் அவர் பேசுவதும், ரோசா மாடிப் படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கேட்பதும் வழக்கமாயிற்று. அந்நாட்டு அரசோடும் கப்பல் கம்பெனியோடும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எல்லாரையும் மொத்தமாக விட வைப்பதுதான் திட்டம்.

நடுவில்தான் ஆரோன் புகுந்தான். தம்பியின் படத்தையும், தன் வீட்டு வாசலில் தன் கார்மேல் சாய்ந்து நிற்கும் தன் படத்தையும் சேர்த்து ஃபேஸ்புக்கில் போட்டு, நான் இவன் அண்ணன், பிரெஞ்சுக் குடிமகன், இவனுக்காக எதையும் விற்பேன் என்று எழுதினான். பாசத்தில் செய்ததுதான், பொய்யில்லை. அந்த வாரம் பேசிய கார்குழலியின் குரலே வேறாக இருந்தது. கடத்தியவர்களும் கையில் போன் வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் தேடிப் பார்க்கிறார்கள் என்றார். பணக்கார வீட்டு ஆள் என்று நினைத்துவிட்டால் அமலநாதனை மட்டும் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வருவார்கள், அவன் வரமாட்டான்.

"வீட்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும் ரோசா. அது நீங்களா மட்டும் இருங்க. நாங்க பேசிட்டிருக்கோம்னு வெளிய தெரிஞ்சாலே காரியம் கெட்டுடும்."

மாமியாரிடம் சொல்லலாமா என்று ரோசா யோசிக்காமல் இல்லை. ஆனால் பிலோமின் அம்மாளிடம் காலையில் சொன்னது பூசை முடிவதற்குள் கோயில் மாதா கெபியைச் சுற்றி வந்துவிடும். மத்தியானம் பாரீசு சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் அழுகைக் குரலோடு ஒலிக்கும். அதனால் ஆரோன் லீவில் ஊருக்கு வந்ததும், கண் பட்டுவிடும் மாமா, அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுப் பார்த்தாள். அவன் சிரித்தான். மறுநாள் அவனது போனைத் தன் மகள் சிந்தியா விளையாட வாங்கிவந்தபோது, ரோசா அதை வாங்கி, அந்தப் படத்தைத் தானே அழித்துவிட்டாள்.

அந்தச் சிந்தியாதான் இப்போது ரொட்டிக்குக் கை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். படம் எப்படிக் காணாமல் போனது என்று ஆரோன் இரண்டு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தான். ஏழு வயதுக் குழந்தைக்குப் பெரியப்பாவின் துக்கம் தாங்கவில்லை.

"அம்மாதான் அழிச்சாங்க பெரியப்பா. நான் பாத்தேன்."

பிலோமின் அம்மாள் எழுந்தாள். அவள் கத்தியிருந்தால் ரோசா தாங்கியிருப்பாள். அவள் மெதுவாகப் பேசினாள்.

"அவன் வரக் கூடாதுன்னு நெனைக்கிறியா நீ? கம்பெனி காசு வரும்னு எவனாச்சும் சொன்னானா? ஒரு நாளு அழுது நான் பாக்கல உன்ன... தலையில பூ இல்லாம ஒரு நாளு பாக்கல. எம்புள்ள அங்க எந்தக் காட்டுல கெடக்கறானோ, இங்க நீ பூ வச்சிக்கினு போன்ல பேசிக்கினு இருக்கற."

ரோசாவின் கண் நிறைந்துவிட்டது. பூ வைத்தது அவன் உயிரோடு இருக்கிறான் என்று தனக்கே சொல்லிக்கொள்ள. அதை இப்போது யாரிடம் சொல்வது? ஆரோன் அம்மாவின் தோளைத் தொட்டு, நேரமாகிறது, கிளம்பலாம் என்றான். அட்டையை எடுத்துக்கொண்டான். இன்னும் கொஞ்ச நேரத்தில் பாரீசு மகன், பிரெஞ்சுக் குடும்பம், கதறும் தாய் என்று எல்லாம் டிவியில் ஓடும். காட்டுக்குள் எவனோ ஒருவன் தன் போனில் அதைப் பார்ப்பான்.

ரோசா அவர்களுக்கு முன்னால் நடந்தாள். தெருக்கதவைச் சாத்தினாள். வெள்ளைக்காரன் காலத்துப் பூட்டு அது, சாவி ஒரு சாண் நீளம். பூட்டி, சாவியை உருவி, முற்றத்துக்கு வந்து, கிணற்றில் போட்டாள். தொபுக்கென்று ஒரு சத்தம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், பின்னால் மதில். அந்த வீட்டுக்கு வேறு வழி கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததைத் தெருவே கேட்டது. ஆரோன் போன் போட்டுப் போட்டுப் பார்த்தான். பெற்ற தாய் இல்லாமல் பேட்டி எதற்கு என்று டிவிக்காரர்கள் வேறு வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆசாரி வெளியிலிருந்து பூட்டை உடைத்தபோது உச்சி வெயில். ஆரோனுக்கு அன்று சாயங்காலமே சென்னையில் விமானம்.

"ஒரு மாசம் அத்தை," என்றாள் ரோசா. கிணற்றடியை விட்டு அவள் நகரவே இல்லை. "ஒரே ஒரு மாசம் யாருகிட்டயும் எதுவும் பேசாம இருங்க. மாமாவும் எதுவும் போட வாணாம். அதுக்கப்புறம் அவரு வரலன்னா, நானே உங்க கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போயி கொன்சுலா வாசல்ல நிக்கிறேன். ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

பிலோமின் அம்மாள் கழுத்துச் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"சரி. மாதா மேல ஆணையா வாய தொறக்க மாட்டேன், பெரியவனையும் தொறக்க வுட மாட்டேன். ஆனா நீ இந்த வூட்ல இருக்கக் கூடாது. உன் மூஞ்சப் பாத்துக்கினு என்னால சும்மா இருக்க முடியாது. போறியா?"

"போறேன்," என்றாள் ரோசா.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று பிலோமின் அம்மாளே எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறித்தான் போனாள். ரோசா இரண்டு பைகளில் துணியை அடைத்து, சிந்தியாவின் கையைப் பிடித்து, பூட்டில்லாத கதவு வழியாக வெளியே நடந்தாள். தவளக்குப்பம் வழியாகப் போகும் கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அழுதாள். எதிரில் இருந்த பூக்காரம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தாள்.

தவளக்குப்பத்தில் அப்பாவின் கடை தெரு மூலையில், ரோட்டைப் பார்த்து இருந்தது. வாழாவெட்டியாக வந்துவிட்டாளா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா டயரை உருட்டிக்கொண்டே, லீவுக்கு வந்திருக்கிறாள் என்றார். தவக்காலத்தின் மிச்ச நாட்களும் போய், பாஸ்கா என்ற ஈஸ்டரும் வந்து போனது. புதுச்சேரி வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பாரீசு வாட்ஸப் குழுவில் பிலோமின் அம்மாளின் குரலைக் காணாமல், பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று ஆளாளுக்கு விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் மாமியார்மேல் ரோசாவுக்கு ஒரு மரியாதை வந்தது. அந்த வாய் மூடியிருக்க என்ன பாடுபடும் என்று அவளுக்குத் தெரியாதா?

பாஸ்கா முடிந்த வாரம், கடையில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தபோது கார்குழலியின் போன் வந்தது. வழக்கமாகப் பேசும் நாள் இல்லை.

"ரோசா, உக்காந்துக்கிட்டீங்களா? எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. ஒருத்தர்கூட விடுபடல. நம்ம தூதரகத்து ஆளுங்க கூடவே இருக்காங்க. உங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் நிக்கிறாராம். லைன் போட்டுத் தரச் சொல்றேன்."

ரோசா டயர்மேல் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, வாய்மட்டும் கோணிக்கொண்டது. பிறகு, அவளே எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள்.

"மொதல்ல அவங்க அம்மாகிட்ட பேசச் சொல்லுங்க மேடம். அவரு உயிரோட இருக்காருன்னு நீங்க வாரா வாரம் எனக்குச் சொன்னீங்க. அவங்களுக்கு யாரு சொன்னாங்க? நான் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருப்பேன்."

எதிர்முனையில் கார்குழலி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. டெல்லி அதிகாரிகளும் மனிதர்கள்தானே.

அம்மாவோடு என்ன பேசினான் என்பதை அன்று சாயங்காலம் அவனே ரோசாவுக்குச் சொன்னான். காட்டில் ஒருத்தன் ஆரோனின் படத்தைக் காட்டி, இவன் உன் அண்ணனா என்று கேட்டானாம். இல்லை, யாரோ என் படத்தைப் போட்டுப் பேர் வாங்கப் பார்க்கிறான் என்று அமலநாதன் சாதித்தானாம். மறுநாள் மற்றவர்களுக்குக் காட்டத் தேடினால் படத்தையே காணோம். வேறு எங்கேயும், எந்த டிவியிலும் அப்படி ஒரு குடும்பமே இல்லை. அவன் சொன்னதை நம்பி, மற்றவர்களோடு சேர்த்து விட்டுவிட்டார்கள். பக்கத்தில் ரோசா இருந்தால் போனைக் கொடு என்றானாம். அம்மா அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாளாம்.

மறுநாள் காலை பஞ்சர் கடை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பிலோமின் அம்மாள் இறங்கினாள். இந்தப் பத்து வருஷத்தில் சம்பந்தி வீட்டு வாசலை அவள் மிதித்தது இதுவே முதல்முறை. கிரீசும் ரப்பர் துண்டுகளும் கிடந்த தரையில் புடவையைத் தூக்காமல் நடந்து வந்தாள். ரோசா எழுந்து நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி?" குரல் உடைந்துவிட்டது. "பெத்தவ இல்லியா நான்?"

"சொல்லியிருந்தா உங்களால சும்மா இருந்திருக்க முடியுமா அத்தை?"

பிலோமின் அம்மாள் பதில் சொல்ல வாய் திறந்தாள். நேர்மையான மனுஷி. யோசித்துப் பார்த்தாள்.

"முடியாது," என்றாள்.

உள்ளே இருந்த ரோசாவின் அம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். பிலோமின் அம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாக மாறியது. மருமகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அதில் இருந்த பூவைத் தடவித் தடவி அழுதாள். எந்த வாயால் என்ன பேசிவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ரோசா அத்தனை மாதமும் அடக்கிவைத்ததை எல்லாம் அந்தத் தோளில் கொட்டினாள். அப்பா டயரை அப்படியே விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அழுது ஓய்ந்ததும் பிலோமின் அம்மாள் இடுப்பில் சொருகியிருந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். ஒரு சாண் நீளச் சாவி. துரு கழுவி எண்ணெய் தடவியிருந்தது. விடிந்ததும் விடியாததுமாகப் பாதாளக் கரண்டி வாங்கி வந்து ஆள் விட்டுக் கிணற்றில் தேடினாளாம்.

"பழைய பூட்டுதான் போச்சே, புதுப் பூட்டு போட்டுக்கலாம்னு ஆசாரி சொன்னான். வாணாம், இந்தச் சாவிக்கு ஏத்த மாதிரி பூட்டு செய்யின்னுட்டேன். இத நீயே வச்சிக்க. எப்ப தொறக்கணும், எப்ப பூட்டணும்னு உனக்குத்தான் தெரியிது."

ரோசா சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாளை மறுநாள் அமலநாதனை அழைத்துவரச் சென்னை விமான நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்குள் வீட்டைக் கழுவ வேண்டும். சிந்தியாவுக்குப் புதுக் கவுன் எடுக்க வேண்டும். உள்ளேயிருந்து அம்மா காபி கொண்டுவந்தாள். பிலோமின் அம்மாள் டயர்மேலேயே உட்கார்ந்து அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டாள்.