ரேடியோவைக் கூட்டி விடு

என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிய மாலையில் குருநகரில் எங்கள் பழைய வீடு அமைதியாகத்தான் இருந்தது. கருவாட்டு மணத்தை அடக்க மாமி சாம்பிராணி போட்டிருந்தாள். அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு அவருடைய அக்காவான இந்த மாமி வைத்ததுதான் வீட்டில் சட்டம்.

போன பங்குனியில் அக்கா ஷெரோனைப் பெண் பார்த்ததும் இதே முன்கூடத்தில்தான். அன்றைக்கு நான் நல்லூரில் கடை வேலையில் நின்றேன். அம்மாவுக்கு மனநோய். யாரோ கதைப்பதுபோல் காதுக்குள் கேட்கும். கிளினிக்கில் தரும் குளிசையைப் போட்டால் மீன் வெட்டுவாள், சிரிப்பாள், எங்களுக்குச் சீப்பால் தலை இழுத்து விடுவாள். மாமிக்கோ அவள் விசரி. வந்தவர்களின் கண்ணில் படக்கூடாதென்று பின்னால் வலை வைக்கும் அறையில் தள்ளி, வெளியே கொண்டி போட்டாள். மேலே வெயிலில் கொதிக்கும் தகரக் கூரை. தண்ணீர் கேட்டு அம்மா கதவைத் தட்டத் தட்ட, மாமி ரேடியோச் சத்தத்தைக் கூட்டி விட்டாள். விருந்தாளிகள் போனபின் திறந்தபோது அம்மா வலைமேல் செத்துக் கிடந்தாள். கலியாணமாகிப் போகுமுன் அழுதழுது இதை எனக்குச் சொன்னவள் அக்காதான். ஊருக்கு மாரடைப்பாம். பாவிகள்.

"பிள்ளையின்ரை தாய்?" என்று கேட்டார் மாப்பிள்ளை கொலின்ஸின் அம்மா.

"நெஞ்சு நோ வந்து மோசம் போயிட்டா," என்றாள் மாமி.

டொக்.

வலை அறைப் பக்கமிருந்து வந்தது. மோதிரம் போட்ட விரலால் தட்டும் ஓசை. அம்மா அப்படித்தான் தட்டுவாள்.

டொக். டொக்.

"உள்ளுக்கை ஆர்?" என்றார் கொலின்ஸின் அம்மா.

"எலி, அக்கா. வலையைக் கடிக்குது." மாமி என் காதருகே குனிந்தாள். "ரேடியோவைக் கூட்டி விடு."

நான் அசையவில்லை. அவளே போய்க் கூட்டினாள்.

பாட்டு நின்றது. பெட்டிக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"பிள்ளை... தண்ணி..."

மாமி வயரைப் பிடுங்கி நிலத்தில் எறிந்தாள்.

"தண்ணி..."

தட்டத்தில் இருந்த கோப்பைகளைப் பார்த்தேன். சற்று முன் ஊற்றிய தேத்தண்ணி. எல்லாம் அடிவரை வறண்டு கிடந்தன.

கொலின்ஸின் அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "ஆர் உது?"

மாமியின் கண்கள் என்னைக் கெஞ்சின. ஒரு பொய் சொன்னால் கலியாணம் நடந்துவிடும். கொலின்ஸை எனக்குப் பிடித்துமிருந்தது.

"அது என்ரை அம்மா," என்றேன். "மக்டலீன். விசரி இல்லை, வருத்தக்காரி. இவதான் பூட்டி வைச்சுச் சாகவிட்டவ."

செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார்கள். கொலின்ஸும்தான்.

நான் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துப்போய், கொண்டியைத் திறந்து வலைமேல் வைத்தேன்.

"குடியணை அம்மா."

என் கண்முன்னே செம்பு வற்றியது.

அன்றிலிருந்து மாமிக்குத் தாகம். கேட்கும்போதெல்லாம் நான் கோப்பை நிறைய ஊற்றித்தான் கொடுக்கிறேன். அவள் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் காய்ந்துவிடுகிறது. சாகாமல் இருக்க ஒரு மிடறு மட்டும் மிஞ்சுகிறது. உதடு வெடித்து, சுவரைத் தட்டித் தட்டிக் கேட்கிறாள்.

"ஜெனிற்றா... தண்ணி..."

எனக்கு இரக்கம் வரவில்லை. பிடுங்கிய வயர் இன்னும் நிலத்தில்தான் கிடக்கிறது. மாமி தட்டத் தொடங்கியதும் ரேடியோ தன்பாட்டில் பாடுகிறது. அவள் கத்தக் கத்த, அதன் சத்தம் கூடிக்கொண்டே போகிறது.