எழுபத்தொரு கிலோ அருளப்பன்

கணவனை எடை போட்டு முடித்ததும், ஜெயசீலி அவனை இருக்கையில் உட்காரவைத்துப் பட்டையை இழுத்து இறுக்கினாள்.

சரியாக எழுபத்தொரு கிலோ. காலையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தான். ராத்திரித் தூறலில் ஈரம் குடித்திருந்தான். டீ டம்ளரால் அள்ளி வெளியே கொட்டி, மறுபடி தொங்குதராசில் மாட்டி, முள் அசையாமல் நின்ற பிறகுதான் அவளுக்கு நிம்மதி வந்தது.

கணவன் என்பது இரண்டு சாக்கு மணல். உண்மையான அருளப்பன் மூன்று வருடத்துக்கு முன் இந்தக் கரையிலிருந்து படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போனவன். படகும் வரவில்லை, அவனும் வரவில்லை. அவன் கால் ஊன்றித் தள்ளிய இடத்தில் அள்ளிய மணல் இது. அந்த இடமும் இப்போது கடலுக்குள் போய்விட்டது.

வெளியே சங்கு ஊதியது. நீர் ஏறுகிறது. எல்லாரும் கிளம்ப வேண்டும்.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே இந்தக் கரையில் தரையில் ஊன்றிய வீடு ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் நகர்வீடுகள். எட்டுச் சக்கரம், ஒரு சமையல் மேடை, முன்னால் ஓட்டுநர் அறை. சட்டத்தின் கண்ணில் அவை வீடுகளே அல்ல, கனரக வாகனங்கள். அகலம் இரண்டரை மீட்டர், உயரம் நான்கு, நீளம் பன்னிரண்டு. ஆளும் சட்டிபானையும் சேர்த்துப் பன்னிரண்டு டன். கடல் ஊருக்குள் வரும்போதெல்லாம் ஒன்பது கிலோமீட்டர் மிதவைச் சாலை வழியே உள்ளே மேட்டுத்திடலுக்குப் போய்விட்டு, தண்ணீர் வடிந்ததும் திரும்பி வர வேண்டும். சாலை வெள்ளத்தின் மேல் மிதக்கிறது. ஒரு வீடு கனத்தால் அந்த இடம் அமிழும். பின்னால் வருகிறவர்கள் தண்ணீருக்குள் போவார்கள். அதனால் சாலையின் தொடக்கத்தில் இருக்கும் எடைவாயில் யாருக்கும் இரக்கம் காட்டாது.

இந்தக் கரையில் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் எடையைக் கேட்டார்கள். குத்துவிளக்கு பிளாஸ்டிக்கில் வந்தது. கொழுகொழுவென்று வளரும் பையனை அவன் வீட்டார் கொஞ்சும் விதமே வேறு: "உன்னால ஒரு பீரோ போச்சுடா, ராசா."

ஒவ்வொருவருக்கும் வீட்டுக்குள் ஓர் எடை இருக்கை உண்டு. சாலையில் போகும்போது அதில்தான் உட்கார வேண்டும். எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம் என்று சாலை அதை வைத்துத்தான் கணக்குப் போடும். ஓர் இருக்கை அடுத்தடுத்து இரண்டு பயணம் காலியாக இருந்தால் கழற்றிவிடுவார்கள். அந்த எடை உரிமை, வரிசையில் காத்திருக்கும் வேறு குடும்பத்துக்குப் போய்விடும்.

நியாயமான விதிதான். ஆனால் இருக்கையைக் கழற்றும்போது ஒரு திருகாணியைச் சுழற்றி எடுக்கிற சத்தம் வருமாம். அந்தச் சத்தத்தைக் கேட்க ஜெயசீலிக்குத் தெம்பில்லை. எடை ஒரு கிலோ மாறினாலும் அலுவலர் வீட்டுக்குள் ஏறிப் பார்ப்பார் என்று யாரோ சொன்னதிலிருந்து டம்ளரும் தராசுமாக இருந்தாள். அக்கம்பக்கத்தில் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு வீட்டு இருக்கையில் யார் என்று எட்டிப் பார்ப்பது இந்தக் கரையில் மரியாதைக் குறைவு.

அவள் திரையை இழுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

எடைவாயிலில் நீண்ட வரிசை. அவளுக்கு நேர் முன்னால் நின்றது பூபதியின் வீடு. அவர் பழைய படகு எஞ்சின் மெக்கானிக். கூடப்பிறக்காவிட்டாலும் அவளுக்கு அண்ணன். அவர் மகள் சங்கவி தலைப்பிரசவத்துக்குத் திருப்பூரிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நாள் நெருங்கிவிட்டது.

விதி எழுதியவர்கள் தலைப்பிரசவத்தை யோசிக்கவில்லை. கல்யாணமானதுமே சங்கவியின் எடையை அம்மா வீட்டுக் கணக்கிலிருந்து கழித்துவிட்டார்கள். ஆள் ஏற்றும் பேருந்துகள் காலையிலேயே போய்விட்டன.

வாயிலின் ஒலிபெருக்கி சொன்னது: "நூற்றிருபது கிலோ கூடுதல். இறக்கவும்."

பூபதி கட்டிலை இறக்கினார். உபரிச் சக்கரத்தை உருட்டிவிட்டார். கடைசியாகக் கிரைண்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து ஓரமாக வைத்தார்.

"நாற்பது கிலோ கூடுதல். இறக்கவும்."

"இனி இறக்கறதுக்கு என் மீசைதான் இருக்கு," என்றார் பூபதி. யாரும் சிரிக்கவில்லை.

அவர் மனைவி செண்பகம் ஒரு துணிப்பையோடு படியில் இறங்கினாள்.

"எங்க போற?"

"நான் இங்க ஒதுக்குத்திடல்ல இருந்துக்கறேன். வண்டி ஓட்ட நீங்க வேணும். புள்ளை பெத்துக்க அவ வேணும். மிச்சம் நான்தானே."

ஒதுக்குத்திடல் என்பது வாயிலுக்குப் பக்கத்தில் ஒரு மண்மேடு. போன தடவை அதிலும் இடுப்பளவு ஏறியது.

சங்கவி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, மேல ஏறு."

"போடி. தண்ணி வடிஞ்சதும் வந்துடறேன். பத்தியத்துக்கு மிளகு ரசம் வைக்க உங்கப்பாவுக்குத் தெரியும்."

"எனக்கு வெந்நீர்தான் வைக்கத் தெரியும்," என்றார் பூபதி, அவளைப் பார்க்காமல்.

"அம்மா இல்லாத அம்மா வீட்டுக்கு நான் எதுக்குப்பா வந்தேன்?" என்றாள் சங்கவி. அவள் அழவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

ஜெயசீலி தன் ஓட்டுநர் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பின்பக்கம் தெரிந்தது. பட்டை கட்டிய இரண்டு சாக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக, தலை இல்லாத மனிதன் போல உட்கார்ந்திருந்தன. மூன்று வருடமாக அந்த உருவத்தோடு அவள் பேசியிருக்கிறாள். சாம்பாரில் உப்பு சரியா என்றுகூடக் கேட்டிருக்கிறாள்.

இப்போது அதனிடம் எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பட்டையை அவிழ்த்தாள்.

முதல் சாக்கைப் பின்வாசல் வரை இழுத்து, கட்டைப் பிரித்து, ஏறிக்கொண்டிருந்த நீரில் சாய்த்தாள். வேகமாகக் கொட்டிவிட்டது. இரண்டாவதை அப்படிச் சாய்க்க முடியவில்லை. கை கையாக அள்ளிப் போட்டாள். பின்னால் நின்ற வீடு ஹாரன் அடித்தது, பிறகு என்ன நினைத்ததோ, நிறுத்திக்கொண்டது.

சாக்கை உதறிவிட்டு இறங்கி வந்தாள்.

"அண்ணி, நீங்க மேல ஏறுங்க. சங்கவி, எங்கூட வா. என் வீட்டுல ஒரு இடம் இருக்கு."

பூபதி அவளைப் பார்த்தார். அவள் கைவிரல்களில் ஒட்டியிருந்த ஈரமணலைப் பார்த்தார். என்னவோ கேட்க வாயெடுத்து, "பாத்து ஏறும்மா, படி வழுக்கும்," என்று மகளிடம் சொன்னார்.

மகள் இறங்கியதும் அவர் வீட்டுக்கு இருபது கிலோவுக்கு மேல் இடம் கிடைத்தது. செண்பகம் ஏறுவதற்கு முன் கிரைண்டர் ஏறியது.

"என்னைவிட அதுதான் முக்கியமா?"

"நீ நடந்து ஏறுவே. அதைத் தூக்கணும்ல."

அருளப்பனின் இருக்கையில் சங்கவி உட்கார்ந்தாள். மூன்று வருடமாக ஒரே துளையில் கிடந்த பட்டை அவள் வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. ஜெயசீலி கடைசித் துளைக்குத் தள்ளி மாட்டினாள்.

வாயில் திறந்தது. திறந்த கையோடு, எடை அலுவலர் கமாலுதீன் தன் கூண்டிலிருந்து இறங்கி அவள் ஜன்னலுக்கு வந்தார். நாகூர்க்காரர், மெலிந்த மனிதர்.

"உங்க வீட்டுக்காரர் இளைச்சுட்டாரே, அக்கா. ஏழு கிலோ."

அவள் மணல் ஒட்டிய விரல்களை மடிக்குள் மறைத்தாள்.

"பயப்படாதீங்க. எனக்கு ஆரம்பத்துலயே தெரியும்."

"எப்படி சார்?"

"மனுஷன்னா கூடுவான், குறைவான். காய்ச்சல் வந்தா ரெண்டு கிலோ போகும், பெருநாள் வந்தா மூணு கிலோ ஏறும். நானே அப்படித்தான். உங்க வீட்டுக்காரர் மூணு வருஷமா ஒரு கிராம் அசையல. மணலை மணலா விட்டிருந்தாக்கூட மழைக்கும் வெயிலுக்கும் ஏறி இறங்கியிருக்கும், நானும் ஏமாந்திருப்பேன். நீங்க ரொம்பப் பாத்துக்கிட்டீங்க."

"ஒரு கிலோ மாறினா ஏறிப் பாப்பீங்கன்னாங்க."

"எவன் சொன்னான்? எனக்கு ஏறி இறங்கற முட்டியா இது?" அவர் சற்றுக் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு சொல்றேன். இந்தச் சாலை மேல உப்பு படியுது, பாசி ஏறுது. அதனோட கணக்கு தினம் கொஞ்சம் தப்பும். தன்னைத் திருத்திக்க அதுக்கு ஒரு மாறாத எடை வேணும். எந்த இருக்கை அசையலையோ அதையே எடைக்கல்லா வச்சு மத்த எல்லாரையும் அளக்குது. அப்படி முப்பத்தாறு இருக்கை இருக்கு. உங்க வீட்டுக்காரர் அதுல முதல் ஆள்."

"முப்பத்தாறா?"

ஜெயசீலி தலையை நீட்டி வரிசையைப் பார்த்தாள். வீட்டுக்குப் பின் வீடு. பல ஜன்னல்களில் அவள் வீட்டைப் போலவே திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. இத்தனை நாளும் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள்.

பிறகு அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

"அப்ப செண்பகம் அண்ணியை இறக்கிவிட்டது என் வீட்டுக்காரரா, சார்?"

கமாலுதீன் வண்டியின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். "கிளம்புங்க அக்கா. புள்ளத்தாச்சி இருக்கு. குலுங்காமப் போங்க."

மேட்டுத்திடல் மருத்துவமனையில் மறுநாள் சங்கவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மிளகு ரசம் செண்பகம்தான் வைத்தாள்.

பூபதிக்கு எதையும் வாய்க்குள் வைத்திருக்க வராது. தங்கச்சி வீட்டில் நடந்ததை டீக்கடையில் ஒருவரிடம் மட்டும் சொன்னார். அன்று சாயங்காலம் ஒரு தாத்தா தன் பேரன் இருக்கையிலிருந்து சிமெண்ட் மூட்டையை இறக்கினார் என்று பேச்சு வந்தது. பிறகு ஒரு தாய். பிறகு புதிதாகக் கல்யாணமாகி மூன்றே மாதம் புருஷனோடு இருந்த ஒரு பெண். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் காத்திருப்போர் வரிசையில் இருந்த குடும்பங்களில் ஒவ்வொருவராக ஏதோ ஒரு வீட்டில் இடம் கிடைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கரையில் தண்ணீர் வடிய ஒன்றரை மாதமாயிற்று; சாலைக்கு அடியில் இன்னும் நின்றது. திரும்பும் நாளில், திடல் பக்கத்து எடைவாயிலில் கமாலுதீன்தான் இருந்தார். அவர் முகத்தில் இதுவரை பார்க்காத ஒரு குழப்பம். குழப்பம் என்றும் சொல்ல முடியாது. சிரிப்பை அடக்குகிறவர் போல இருந்தார்.

"சாலைக்குப் புத்தி தடுமாறிப் போச்சு, அக்கா," என்றார். "முப்பத்தாறுல நாலுதான் அசையாம இருக்கு. மத்தவங்களைப் பாருங்க, ஒருத்தர் ஒரே மாசத்துல இருபது கிலோ இளைச்சிருக்கார். ஒருத்தர் ரெண்டு மடங்கா ஊதியிருக்கார். எதை நம்பறதுன்னு அதுக்குத் தெரியல. மேலிடத்து எஞ்சினியருங்க வந்து பாத்துட்டு, சாலை தெளியற வரைக்கும் வீட்டுக்கு ஐம்பது கிலோ விட்டுக்கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுட்டாங்க."

"ஐம்பதா?" பக்கத்து வண்டியிலிருந்து பூபதி எட்டிப் பார்த்தார். "அன்னிக்கு நாப்பதுக்குத்தானே எம் பொண்டாட்டி தெருவுல நின்னா. ஒன்றரை மாசம் முன்னாடியே தடுமாறியிருக்கக் கூடாதா இந்த ரோடு?"

"தடுமாற வச்சதே உங்க வாய்தான்," என்றாள் செண்பகம்.

ஜெயசீலிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி நின்றுவிட்டது. ஐம்பது கிலோ விட்டுக்கொடுத்தால் சங்கவியும் குழந்தையும் அவர்கள் வீட்டிலேயே போகலாம். பிரசவத்துக்கென்று திடலில் வாங்கிய புதுக் கட்டில்தான் அங்கேயே தங்க வேண்டும், அவ்வளவுதான். தன் வீட்டு இருக்கை காலியாகப் போகும். இது முதல் தடவை. அடுத்த தடவையும் காலியாகப் போனால் ஆணியைச் சுழற்ற வருவார்கள்.

அவள் உள்ளே போய், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கண்ணாடியைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

பின்வாசல் திறந்தது.

"அத்தை, இவளைக் கொஞ்சம் பிடிங்க. படி வழுக்குது."

சங்கவி குழந்தையை நீட்டிக்கொண்டு நின்றாள். வெளியே பூபதியின் குரல்: "ஏய், இங்கதான் இப்ப இடம் இருக்கே. அங்க எதுக்குப் போறே?"

"அந்த சீட்டு எனக்குப் பழகிடுச்சுப்பா. நீங்க கட்டிலை ஏத்திக்குங்க."

"ஏத்தியாச்சுன்னா அப்புறம் மனசு மாறக் கூடாது."

"மாறமாட்டேன்."

அவள் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். ஜெயசீலி பட்டையை மாட்டினாள். கடைசித் துளையிலிருந்து மூன்று துளை உள்ளே. குழந்தைக்கு மூச்சு முட்டாமல் இருக்க, மறுபடி ஒரு துளை வெளியே.

வண்டி சாலையில் ஏறியது. ஓட்டுநர் அறையின் திரையில் ஒவ்வோர் இருக்கையின் பெயரும் எடையும் வழக்கம்போல வந்தன. ஜெயசீலி, ஐம்பத்தாறு. அதன் கீழே அருளப்பன். மூன்று வருடமாக அந்தப் பெயருக்கு எதிரே ஒரே எண்தான், சுவரில் எழுதியது போல. இன்று அது நிற்கவில்லை. குழந்தை காலை உதைத்தது, அறுபத்தொன்று. அம்மா அதைத் தூக்கித் தோளில் போட்டாள், அறுபது. ஏப்பம் வர முதுகைத் தட்டினாள். எண் மேலே போயிற்று, கீழே வந்தது, மேலே போயிற்று.

தூங்குகிற ஓர் ஆளின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பது போல, ஜெயசீலி ஒன்பது கிலோமீட்டரும் அதைப் பார்த்தபடியே மெதுவாக ஓட்டினாள்.