நாலடி பத்தங்குலம்

குமாரபாளையம் பள்ளிக்கூடத்து ஹாக்கி அணியில் சின்னண்ணன் ஆடினால் கோல் விழும். அவன் ஆடாவிட்டால் வாயில் மண்தான் விழும். இதை அணித் தலைவன் கந்தனே ஒத்துக்கொள்வான். கந்தன் லேசில் யாரையும் புகழ மாட்டான், தன்னைத் தவிர.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல், பஸ்கள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. நல்ல ஹாக்கி மட்டையும் கிடைக்கவில்லை. பையன்கள் வளைந்த கொய்யாக் கிளைகளைச் சீவி மட்டை செய்துகொண்டார்கள். கோல் காக்கும் செங்கோடனுக்கு அவன் அம்மா சௌந்திரம், சாக்குக்குள் கழிவு நூலை அடைத்துக் காலுக்குத் திண்டு தைத்துக் கொடுத்திருந்தாள். அதைக் கட்டிக்கொண்டு அவன் வந்தால் இரண்டு தலையணைகள் நடந்து வருவது போலிருக்கும். ஆனால் பந்து அவனைத் தாண்டிப் போவது கஷ்டம்.

அந்த வருஷம் ஜில்லாப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரு வெள்ளிக் கோப்பைப் போட்டி வைத்தார்கள். ஐப்பசியில் தொடங்கித் தை மாதத்தில் முடியும். எல்லா அணிகளும் ஒன்றோடொன்று ஆட வேண்டும். முந்தி வருகிற நாலு அணிகள் சேலத்துக்குப் போய் அரையிறுதி ஆடும். அதில் ஜெயித்தால் இறுதி ஆட்டம்.

விதி ஒன்றுதான் கொஞ்சம் வேடிக்கை. ஆடுகிற பையன் நாலடி பத்தங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வயசைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். உயரத்தை அப்படிச் சொல்ல முடியாதே. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் இரண்டு கம்பு நட்டு, குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி, அதன் கீழே நிற்க வைத்துப் பார்ப்பார்கள். தலை இடித்தால் வெளியே.

ஐப்பசியில் எல்லோரும் மூங்கிலுக்குக் கீழே சுலபமாக நின்றார்கள். சின்னண்ணனும்தான்.

கார்த்திகையில் ஒரு நாள் சின்னண்ணனின் அம்மா ராமாயி தெருவில் நின்று சத்தம் போட்டாள். "தீவாளிக்குத் தெச்ச டவுசருங்க, அதுக்குள்ள தொடைக்கு ஏறிப் போச்சு. இவனுக்குத் துணி நெஞ்சே எங்க தறி தேஞ்சு போயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். கந்தன் மட்டும் சிரிக்கவில்லை. சின்னண்ணனைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே தூணில் நாலடி பத்தங்குலத்துக்குக் கரிக்கோடு போட்டு வைத்திருந்தார்கள். சின்னண்ணனின் தலைக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல்தான் இடம் இருந்தது.

"தை வரைக்கும் நீ வளரக் கூடாது, ஆமா" என்றான் கந்தன்.

"நானா வேணும்னு வளர்றேன்? அது பாட்டுக்கு வளருதுடா."

"சோறு தின்னாத்தானே வளருவே? இனிமே பாதி தின்னு. மத்தியானம் எதுவும் வேண்டாம். தலையில தண்ணிக் கொடம் தூக்கு. அமுங்கிப் போயிரும்."

பின்னாலேயே வந்திருந்த அணிப் பையன்கள் எல்லோரும் யோசித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். செங்கோடனும் ஆட்டினான். கோப்பை என்றால் சும்மாவா? இதுவரைக்கும் அந்தப் பள்ளிக்கூடம் ஒரு பித்தளைத் தம்ளர்கூட ஜெயித்ததில்லை.

சின்னண்ணனும் சரி என்றான். அவனுக்கு ஹாக்கி என்றால் அவ்வளவு உயிர். அன்று முதல் ஆற்றிலிருந்து வீட்டுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் வந்து சேர்ந்தது. "என்ன சாமி, திடீர்னு இத்தனை பொறுப்பு வந்துருச்சு?" என்று ராமாயி நெட்டி முறித்தாள்.

ஆட்டங்கள் நடந்தன. சங்ககிரியோடு ஜெயித்தார்கள். ராசிபுரத்தோடு ஜெயித்தார்கள். மார்கழி வந்ததும் என்னமோ ஆகிவிட்டது. சின்னண்ணனின் மட்டையில் வேகம் இல்லை. திருச்செங்கோட்டோடு கோலே இல்லாமல் சமன். அடுத்த ஆட்டத்தில் தோல்வி.

"என்னடா தூங்கிட்டே ஓடறே?" என்று கந்தன் கடிந்துகொண்டான். சின்னண்ணன் மட்டையைத் துடைத்தான்.

அந்தச் சமயத்தில்தான் செங்கோடன் ஒரு நாயைக் கவனித்தான். பள்ளிக்கூடத்து வாசலில் படுத்துக் கிடக்கும் செவலை நாய். போன மாசம் விலா எலும்பெல்லாம் தெரிந்த நாய் அது. இப்போது பண்ணையார் மாதிரித் தொப்பையோடு நடந்தது. அதுவும் சின்னண்ணன் பின்னாலேயே நடந்தது.

மத்தியானம் செங்கோடன் சத்தம் போடாமல் பின்தொடர்ந்தான். கிணற்றடிக்குப் பின்னால் சின்னண்ணன் தூக்குப் போசியைத் திறந்தான். ராகிக்களி, அதன் மேல் கொள்ளுப் பருப்பு. அதை அப்படியே உருட்டி நாய்க்கு வைத்தான். நாய் தின்று முடிக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போசியில் ஒட்டியிருந்த பருப்பை விரலால் வழித்து, வாய் வரைக்கும் கொண்டு போய், திரும்ப நாயிடமே நீட்டினான்.

செங்கோடன் முன்னால் வந்தான்.

"டேய், எத்தனை நாளா இப்படி?"

சின்னண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினான். "எங்கம்மாகிட்ட சொல்லிராதே. போசியைக் காலியாக் கொண்டு போனாத்தான் அவங்க நம்புவாங்க."

"காலையில என்ன தின்னே?"

"நீராகாரம்."

"ராத்திரி?"

"ராத்திரி கந்தன் சொன்ன மாதிரி பாதிதான். ஆனா பசியில தூக்கம் வர மாட்டேங்குது, செங்கோடா. இத்தனை செஞ்சும் வளர்ந்துட்டேதான் இருக்கறேன். நேத்துத் தூண்ல நின்னு பார்த்தேன், மயிரிழைதான் பாக்கி. என்னால நம்ம கப்பு போயிருமோன்னு பயமா இருக்குது." சொல்லும்போதே அவன் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

தானும் சேர்ந்து தலையாட்டியது செங்கோடனுக்கு ஞாபகம் வந்தது. அவனுக்குத் தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது. தன் போசியைத் திறந்து சின்னண்ணன் மடியில் வைத்தான். அம்மா அன்றைக்குப் பார்த்து இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்து கட்டியிருந்தாள், எலுமிச்சம்பழம் பிழிந்து, கடலை போட்டு.

"தின்னு."

"கப்பு?"

"அதை நான் பார்த்துக்கறேன். நீ தின்னு மொதல்ல."

சின்னண்ணன் தின்றான். தின்றான் என்று சொன்னால் போதாது, போசியைக் கழுவ வேண்டிய வேலையே இல்லை. செவலை நாய் செங்கோடனை முறைத்துவிட்டுப் போனது.

சாயங்காலம் ஆற்று மணலில் பயிற்சிக்குக் கூடினார்கள். செங்கோடன் திண்டைக் கட்டாமல் வந்து உட்கார்ந்தான்.

"என்னடா, கால்ல திண்டு எங்கே?" என்றான் கந்தன்.

"சின்னண்ணன் மூணு வேளையும் வயிறாரச் சாப்பிடணும். அதுக்கு எல்லாரும் சரின்னு சொன்னாத்தான் திண்டைக் கட்டுவேன்." கிணற்றடியில் பார்த்ததை எல்லாம் அவன் சொன்னான்.

பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கந்தன் மட்டும், "அவன் வளர்ந்துட்டா கப்பு யாரு உங்கப்பன் வாங்கித் தருவாரா?" என்றான். ஆனால் குரலில் பாதி பலம்தான் இருந்தது.

"பசியோட ஒருத்தனை ஓட விட்டு வாங்கற கப்புல நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்" என்றான் செங்கோடன். "அதுவுமில்லாம, பட்டினி போட்டு என்னத்தைக் கண்டோம்? கடைசி ரெண்டு ஆட்டத்துல ஒரு கோல் உண்டா? அவன் வளர்ந்தா வளரட்டும். அவன் அடிக்கற அடியை இன்னொருத்தனுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்."

"யாருக்கு?"

செங்கோடன் மணியனைக் காட்டினான். அணியிலேயே குட்டையான பையன் மணியன். மூங்கிலுக்குக் கீழே அவன் நின்றால் மேலே ஒரு கூடையே வைக்கலாம். "நானா?" என்று மணியன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

கந்தன் மணலைக் காலால் கிளறிக்கொண்டே நின்றான். பிறகு சின்னண்ணனிடம் போய், "நாளைக்கு எங்க ஊட்டுல கச்சாயம் சுடறாங்க. கொண்டாறேன்" என்றான். கந்தன் மன்னிப்புக் கேட்டால் அப்படித்தான் கேட்பான். செங்கோடன் எழுந்துபோய்த் திண்டைக் கட்டிக்கொண்டான்.

அப்புறம் என்ன? சின்னண்ணன் தின்றான், ஓடினான், அடித்தான். இடது பக்கம் போவது போல உடம்பைச் சாய்த்து, வலது பக்கம் பந்தைத் தள்ளி அடிப்பது அவனுடைய தனி அடி. அதை மணியனுக்கு இருட்டும் வரை சொல்லிக் கொடுத்தான். மணியன் முதலில் பந்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் வலது பக்கம் போய் விழுந்தான். போகப் போகப் பந்தும் கூட வந்தது. மிச்ச ஆட்டங்களில் ஜெயித்து, நாலாவது இடம் பிடித்து, கரி பஸ்ஸில் சேலத்துக்குப் போனார்கள். மேடு வந்தபோதெல்லாம் இறங்கிப் பஸ்ஸைத் தள்ளியதும் அவர்கள்தான்.

அரையிறுதியில் சின்னண்ணன் மூங்கிலுக்குக் கீழே நின்றான். மூங்கில் முடியைத் தொட்டது, மண்டையைத் தொடவில்லை. நடுவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், "போ" என்றார். சின்னண்ணன் போய் இரண்டு கோல் அடித்தான்.

இறுதி ஆட்டம் தைப்பூசம் கழித்து. எதிரில் சேலத்து அணி. எல்லோர் கையிலும் கடையில் வாங்கிய மட்டைகள் பளபளத்தன.

சின்னண்ணன் மூங்கிலை நோக்கி நடந்தபோது கந்தன் காதோடு சொன்னான்: "முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்க. டவுசர் மறைச்சுக்கும்."

சின்னண்ணன் செங்கோடனைப் பார்த்தான். செங்கோடனுக்கும் உள்ளே ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கிணற்றடியில் நாய்க்குக் களி உருட்டி வைத்த அந்தப் பசித்த பையனை இன்னொரு தடவை பார்க்க அவனுக்கு மனசில்லை.

"நிமிந்து நில்லு, சின்னண்ணா" என்றான்.

சின்னண்ணன் நிமிர்ந்து நின்றான். மூங்கில் 'டக்' என்று இடித்தது.

நடுவர் வருத்தத்தோடு தலையசைத்தார். சின்னண்ணன் கீழே குனிந்து தன் கொய்யா மட்டையை எடுத்தான். அதை மணியன் கையில் கொடுத்தான். "இது உனக்கு ஒரு சாண் பெருசு. கொஞ்சம் கீழே புடிச்சுக்க. சாய மறந்துராதே" என்றான். பிறகு கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தான்.

ஆட்டம் சேலத்து அணியின் கையிலேயே இருந்தது. பந்து வந்துகொண்டே இருந்தது. செங்கோடன் மட்டையால் தடுத்தான், திண்டால் தடுத்தான், ஒரு தடவை வயிற்றாலும் தடுத்தான். திண்டு கிழிந்து நூல் வெளியே தொங்கியது. அதையும் இழுத்துக்கொண்டு குதித்தான்.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது கந்தனிடம் பந்து மாட்டியது. பழக்கத்தில் அவன் கண் சின்னண்ணனைத் தேடியது. சின்னண்ணன் கோட்டுக்கு வெளியே நின்று, "மணியன்கிட்டடா" என்று கையைக் காட்டினான். கந்தன் தள்ளினான். மணியன் இடது பக்கம் சாய்ந்தான். சேலத்துக் கோல்காரனும் சாய்ந்தான். பந்து மட்டும் வலது பக்கமாகப் போய்ப் கோல் பலகையில் மோதியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு முதலில் குதித்தவன் சின்னண்ணன்.

ராத்திரி ஊருக்கு வந்து இறங்கினால், பஸ் நிற்கிற இடத்திலேயே அம்மாக்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். ராமாயி ஒரு குண்டான் நிறையப் பாயசம் காய்ச்சியிருந்தாள். வெல்லம் கிடைக்காத காலத்தில் எப்படித்தான் சேர்த்தாளோ. கந்தன் வெள்ளிக் கோப்பையை நீட்டினான். அவள் அதில் பாயசத்தை ஊற்றினாள்.

"மொதல்ல செங்கோடன் குடிக்கட்டும்" என்றான் கந்தன். "தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்னு சொன்னவனாச்சே."

செங்கோடன் கோப்பையை வாங்கினான். ஒரு வாய் குடித்தான். நன்றாகவே இருந்தது. பிறகு அதைச் சின்னண்ணனிடம் கொடுத்தான்.

சின்னண்ணன் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தான். ராமாயி மறுபடி ஊற்றினாள். அதுவும் போனது. இன்னொரு தடவை ஊற்றினாள். குண்டான் பாதி காலியான பிறகு அவன் வாயைத் துடைத்துக்கொண்டு கோப்பையைக் கையில் எடைபோட்டுப் பார்த்தான்.

"அடுத்த வருசம் அஞ்சடிப் பசங்க போட்டிக்குப் போலாண்டா" என்றான். "கொஞ்சம் பெரிய கப்பாத் தருவாங்க."