பாக்கியரத்தினத்தார் குசினி நாற்றம்

நிறைமாத வயிற்றோடு ஸல்ஹா தவராசா வீட்டுப் படியேறி வந்ததும் ஜமால்தீன் ஓடிப்போய்க் கதிரையை இழுத்துப் போட்டான். திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பது வருடம் குழாய் பொருத்தி ஓய்வுபெற்ற தவராசாவுக்கு அவன்தான் உதவியாள். துப்புத் துலக்குவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டை விடட்டாம், ஐயா," என்றாள் ஸல்ஹா. "மேல் வீட்டிலயிருந்து நாங்க மீன் கழிவைக் குழாய்க்குள்ள ஊத்துறமாம். அதால கீழ அவர்ர குசினி நாறுதாம். அல்லாஹ் அறிய, இல்லை! இந்த வயித்தோட நான் எங்க போவன்?"

தவராசா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எப்பயிருந்து?"

"போன மாசத்திலயிருந்து."

மூவரும் கீழ் வீட்டுக்குப் போனபோது, வீட்டுக்காரர் பாக்கியரத்தினம் வானொலிச் சத்தத்துக்கு மேலால் கத்தினார். "தண்ணி நல்லாத்தான் வடியுது. நாத்தம்தான் குடலைப் புடுங்குது! போன மாசம் ஏரியல் கம்பம் நட்டனான், கொழும்பு காதுக்குள்ள வந்து கதைக்குது. அதையும் நிம்மதியாக் கேக்க ஏலாது."

"குழாய் வெடிச்சிருக்கு, அண்ணே!" என்றான் ஜமால்தீன். தவராசா தலையாட்டவில்லை.

குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வளைந்திருந்த குழாயைக் காட்டினார். "இந்த வளைவில எப்பவும் தண்ணி நிக்கவேணும். நாத்தத்துக்கு அதுதான் பூட்டு." அதில் தண்ணீர் ஊற்றி நிரப்பினார், நாற்றம் நின்றது. "ஜமால்தீன், மேல் வீட்டுத் தொட்டியில போய் ஒரு வாளி நல்ல தண்ணி ஊத்து."

ஊற்றிவிட்டு இறங்கியவனைப் படியிலேயே நாற்றம் எதிர்கொண்டது. தவராசா வளைவின் அடியிலிருந்த திருகு மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை!

"போனது நல்ல தண்ணி, மீன் செதில் ஒண்டும் இல்லை," என்றார் தவராசா. "தண்ணி விழேக்க பின்னால காத்துப் போகவேணும். அதுக்குத்தான் குழாயைக் கூரைக்கு மேல திறந்து விடுறது. அங்க காத்து இல்லாட்டி, இந்த வளைவால இழுக்கும். பூட்டுத் தண்ணியும் அதோட போயிடும். கம்பத்தை எங்க நட்டனீங்கள்?"

பாக்கியரத்தினத்தின் முகம் செத்துப்போயிற்று. "மேல ஒரு குழாய் சும்மா நிண்டுது... அதுக்குள்ள. ஆடாமல் இருக்கச் சாக்கு அடைஞ்சு சீமெந்தும் பூசினனான்."

குழாய்க்கும் மூச்சு முட்டும் என்று அந்த மனிதருக்கு யார் சொல்லிக்கொடுப்பது! ஜமால்தீன் கூரையேறி அடைப்பை உடைத்தெடுத்தான். திரும்பவும் ஒரு வாளி ஊற்றினார்கள். வளைவில் தண்ணீர் அசையாமல் நின்றது, நாற்றமே இல்லை.

"நீங்கள் இருங்கோ பிள்ளை. வீட்டை விடவேண்டாம்," என்றார் பாக்கியரத்தினம் மெதுவாக.

"சந்தோசம்," என்றாள் ஸல்ஹா. "ஆனா நாறின சனம் எண்டு எங்களை முத்தத்தில வச்சு எல்லாருக்கும் கேக்கத்தான் சொன்னீங்க. இதையும் அங்க வந்து சொல்லுங்கோ."

அவர் முற்றத்துக்கு இறங்கினார். பக்கத்து வீட்டார் எட்டிப்பார்க்க, கைகூப்பினார். "பிழை என்ர. இந்தப் பிள்ளையில ஒரு குற்றமும் இல்லை."

அதுவரை அடக்கி வைத்திருந்த ஸல்ஹாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே மேலே போய், கட்டிவைத்த சாமான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.